ஆல்ஃபா-கேல் ஒவ்வாமை உறுதியானால் மருத்துவர் அதை மாநில சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டுமா? நான் மறுக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கிறார். உண்ணி கடித்த பிறகு இறைச்சி ஒவ்வாமை வந்து, இரத்தப் பரிசோதனையில் அது உறுதியாகியிருக்கிறது. “உங்கள் விவரம் சுகாதாரத் துறைக்குப் போகும்” என்று மருத்துவமனையில் சொன்னதும் கலங்கிப் போயிருக்கிறார். விசாவில் இருப்பதாக அவர் எழுதவில்லை. ஆனாலும் இந்தக் கலக்கம் யாருக்கு வரும் என்று எனக்குத் தெரியும். பதினோரு ஆண்டுகள் அதே நிலையில் இங்கே இருந்தவன் நான். காவல் துறை, வருமான வரி, சுகாதாரம் என்று எந்தத் துறை நம் பெயரை எழுதினாலும் முதலில் வயிறுதான் கலங்கும்.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆம், வர்ஜீனியாவில் தெரிவிக்க வேண்டும். 2025இல் மாநிலச் சட்டமன்றம் இயற்றிய சட்டம், தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இதையும் சேர்க்கச் சொன்னது. அந்தக் கடமை மருத்துவருக்கும் பரிசோதனைக்கூடத்துக்கும் உரியது. உங்களிடம் கையெழுத்தும் கேட்க மாட்டார்கள், சம்மதமும் கேட்க மாட்டார்கள். மறுக்க வழி இல்லை. நோயாளியின் தகவலைக் காக்கும் 1996ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமே, பொதுச் சுகாதாரத்துக்காக இப்படித் தெரிவிப்பதற்கு இடம் கொடுத்திருக்கிறது.

நான் மருத்துவரோ வழக்கறிஞரோ அல்ல. எட்டு ஆண்டுகளாக இந்த நோயோடு வாழ்பவன், அதனாலேயே இதைத் தேடித் தேடிப் படித்தவன். படித்தவரை சொல்கிறேன்.

இந்த நாட்டில் எந்த நோயைத் தெரிவிக்க வேண்டும் என்பதை அந்தந்த மாநிலம்தான் முடிவு செய்கிறது. மத்திய அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தால் மருத்துவரைக் கட்டாயப்படுத்த முடியாது. மாநிலங்கள் தாங்களாக, பெயரை நீக்கிவிட்டு எண்ணிக்கையை அனுப்புகின்றன. வேறோர் உண்ணி வகை பரப்பும் லைம் நோய் 1991 முதல் தேசியப் பட்டியலில் இருக்கிறது. ஆல்ஃபா-கேல் அதில் இல்லை. அதனால் ஆர்கன்சாவில் ஒரு விதி, வர்ஜீனியாவில் ஒரு விதி, பக்கத்து மாநிலத்தில் விதியே இல்லை என்று நிற்கிறது. நீங்கள் வேலை மாறி வேறு மாநிலத்துக்குப் போனால் இந்தப் பதில் அப்படியே செல்லாது, அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

விசா பயத்துக்கு வருகிறேன். பச்சை அட்டைக்கான மருத்துவப் பரிசோதனையில் தடையாகக் கருதப்படும் தொற்றுநோய்களின் பட்டியல் குறுகியது: காசநோய், தொழுநோய், சில பால்வினை நோய்கள். ஆல்ஃபா-கேல் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டும் நோயே அல்ல. காப்பீட்டு நிறுவனத்தைப் பற்றிய பயமும் வேண்டாம். இரத்தப் பரிசோதனைக்கான கட்டணச் சீட்டு ஏற்கெனவே அவர்களிடம்தான் போயிருக்கும். முன்பே நோய் இருப்பதைக் காட்டிக் காப்பீடு மறுப்பதைச் சட்டம் 2014 முதல் தடுத்திருக்கிறது.

பதில் இங்கேயே முடிந்துவிட்டது. “நான் மறுக்க முடியுமா” என்ற அந்த மூன்று சொற்கள் என்னைத் தூங்க விடாததால்தான் மேலும் எழுதுகிறேன்.

2018 ஜூலை. ரிச்மண்டுக்குச் சற்றுத் தள்ளி நாங்கள் இருந்த ஊரில் தமிழ்ப் பள்ளிக்கு ஆண்டு விழாவும் திறந்தவெளி விருந்தும் நடத்த இடம் தேவைப்பட்டது. ஓடையை ஒட்டிய ஒரு புல்வெளி கிடைத்தது. முந்தைய சனிக்கிழமை சுத்தம் செய்ய வருவதாக இருபத்திரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். வந்தது நான்கு பேர். ஒவ்வோர் ஆண்டும் வருகிற அதே நான்கு பேர்தான். இடுப்பளவு புல்லை நாங்கள் வெட்டி ஒதுக்கினோம். மறுநாள் கணுக்காலில், காலுறையின் விளிம்பு பதிந்த இடத்தில், வளையல் போட்டது போலச் சிவப்புப் புள்ளிகள். மிளகு தூவியது போன்ற ஒன்றிரண்டு கறுப்புத் துகள்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் சுரண்டியபோது ஒரு துகள் காலை அசைத்து நடந்தது.

மாட்டின் காது மடலில் கொட்டைமுத்து போலத் தொங்கும் உண்ணியைப் பிடுங்கி, மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டு வளர்ந்தவன் நான். எனக்கு உண்ணி என்றால் அந்தப் பருமன்தான். இது உண்ணியின் குஞ்சு என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று வாரம் சொறிந்தேன், பிறகு மறந்துவிட்டேன்.

செப்டம்பரில் நண்பர் வீட்டில் இரவு எட்டு மணிக்கு ஆட்டுக்கறி பிரியாணி. வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன். ஒன்றேகால் மணிக்கு உள்ளங்கை அரிப்பு எழுப்பியது. விளக்கைப் போட்டுப் பார்த்தால் வயிறு, தொடை, அக்குள் எங்கும் வெள்ளை வெள்ளையாகத் தடிப்பு. குடலை யாரோ முறுக்குவது போல வலி. குளியலறைக்குப் போனது நினைவிருக்கிறது, விழுந்தது நினைவில்லை. சத்தம் கேட்டு வந்த மனைவிதான் ஆம்புலன்ஸை அழைத்தாள்.

அவசரப் பிரிவில் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால், “கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?” என்று கேட்ட மருத்துவர், எட்டு மணிக்கு என்றதும் உணவை அத்தோடு ஒதுக்கிவிட்டார். உணவு ஒவ்வாமை என்றால் அரை மணியில் தெரிந்துவிடும் என்றார். காரணம் தெரியாத தடிப்பு என்று எழுதி அனுப்பினார்கள். நவம்பரில் மறுபடி. தீபாவளிக்கு மறுநாள் ஆட்டு ஈரல் வறுவல். இந்த முறை அங்கிருந்த வேறொரு மருத்துவர், வேலையில் மன அழுத்தமா என்று கேட்டார்.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். “காணாக்கடியாக இருக்கும் தம்பி. புல்லுக்குள் போனாயா? அருகம்புல்லும் மிளகும் அரைத்துக் குடி” என்றார். வேண்டா வெறுப்பாக, சரி அம்மா என்றேன். பள்ளிக்கூடமே போகாத அம்மாதான், நான் புல்லுக்குள் போனேனா என்று முதலில் கேட்டவர். கஷாயம் குணமாக்கும் என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து யாரும் அதைக் குடித்துவிட்டு வீட்டில் படுத்திருக்காதீர்கள். ஆனால் அம்மா கேட்ட கேள்வி சரியான கேள்வி.

அதே கேள்வியை 2019 மார்ச்சில் ஓர் ஒவ்வாமை நிபுணர் கேட்டார். “உங்களை உண்ணி கடித்ததா?” நான் கணுக்கால் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் இரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டார். ஆல்ஃபா-கேலுக்கு எதிரான ஐஜிஇ, அதாவது ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்பொருள், 14.6. 0.1 இருந்தாலே கணக்கில் கொள்வார்கள். மாடு, ஆடு, பன்றி, மான் என எல்லாப் பாலூட்டிகளின் உடலிலும் இருக்கும் ஒரு சர்க்கரை அது; மனிதருக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் சில குரங்கு இனங்களுக்கும் மட்டும் இல்லை. முதுகில் ஒற்றை வெள்ளைப் புள்ளி உள்ள லோன் ஸ்டார் உண்ணி கடிக்கும்போது உடல் அந்தச் சர்க்கரையைப் பகையாகப் பழகிக்கொள்கிறது. கொழுப்போடு சேர்ந்து மெதுவாகச் செரித்து இரத்தத்தில் கலப்பதால், இரண்டு முதல் ஆறு மணி நேரம் கழித்தே தாக்குகிறது என்று கருதுகிறார்கள். எட்டு மணிப் பிரியாணி ஒன்றேகாலுக்கு எழுப்பியது அதனால்தான்.

எனக்கு ஆறாத இடம் ஒன்று உண்டு. இந்த நோயைக் கண்டறிந்தவர்களே வர்ஜீனியாக்காரர்கள். சார்லட்ஸ்வில்லில் உள்ள வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸ் குழுவினர், செடுக்சிமாப் என்ற புற்றுநோய் மருந்து தென்கிழக்கு மாநிலங்களில் மட்டும் ஏன் பலரைச் சாய்க்கிறது என்று ஆராய்ந்து, 2008இல் ஆல்ஃபா-கேலைக் காரணமாகக் காட்டினார்கள். மறு ஆண்டே இறைச்சி ஒவ்வாமையோடு அதை இணைத்தார்கள். அந்த ஊர் எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. அங்கே கண்டறிந்த உண்மை பத்து ஆண்டு கழித்தும் எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்து சேரவில்லை.

மருத்துவர்களைத் திட்டுகிறேன் என்று யாராவது கோபிக்கலாம். தனி ஆள் யாரையும் நான் குறை சொல்லவில்லை. நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் 1,500 மருத்துவப் பணியாளர்களைக் கேட்டபோது, 42 சதவீதம் பேர் இப்படி ஒரு நோயைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். பட்டியலில் இல்லாத நோயை யார் நினைவில் வைப்பார்கள்?

பரிசோதனை முடிவு வந்த வாரமே எங்கள் பகுதி சுகாதார அலுவலகத்தை அழைத்தேன். அந்த ஓடைப் புல்வெளியில் குழந்தைகள் விளையாடுகிறார்கள், எங்காவது பதிவு செய்யுங்கள் என்றேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். லைம் நோயா, ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சலா என்று கேட்டார். இல்லை என்றதும், “இதற்கு எங்களிடம் படிவம் இல்லை, ஐயா” என்றார். தொலைபேசியை வைத்துவிட்டு வெகுநேரம் சமையலறை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு முறை செத்துப் பிழைத்ததை எழுதிக்கொள்ள ஒரு தாள்கூட இந்த மாநிலத்தில் இல்லை.

தமிழ்ப் பள்ளியிலும் சொன்னேன். விருந்துத் தட்டுகளில் எதில் நெய், எதில் பால் என்று ஒரு சீட்டு வையுங்கள் என்றேன். நோய் முற்றிய சிலருக்குப் பாலும் ஜெலட்டினும்கூட ஆகாது. முதல் ஆண்டில் எனக்கும் ஆகவில்லை. “ஒருவருக்காக எப்படி” என்றார்கள். ஒன்பது ஆண்டு நாற்காலி அடுக்கினேன், கழிவறை கழுவினேன், சனிக்கிழமை தவறாமல் முதலில் வந்து கதவு திறந்தேன். உடம்பு முடியாமல் நின்ற பிறகு, எப்படி இருக்கிறாய் என்று கேட்டு அழைத்தவர்கள், என்னோடு புல் வெட்டிய மூன்று பேர் மட்டும்தான். பெயர் கொடுத்த மற்றப் பதினெட்டுப் பேர் புகைப்படத்தில் நிற்க வருவார்கள். இது கேள்விக்குச் சம்பந்தமில்லாதது என்று தெரிகிறது. மனத்தில் இருப்பதால் எழுதிவிட்டேன்.

கணக்கு எடுத்தால் நோய் குணமாகுமா என்று கேட்பார்கள். குணமாகாது. இரத்தத்தில் ஐஜிஇ இருந்தும் இறைச்சி சாப்பிட்டு நலமாக இருப்பவர்கள் பலர் உண்டே, அவர்களையும் சேர்த்து எண்ணிக்கையை ஊதிவிடுவார்கள் என்பார்கள். அதற்காகத்தான் 2021இல் மாநிலத் தொற்றியல் வல்லுநர்களின் அமைப்பு ஒரு பொது வரையறை வகுத்தது. அறிகுறியும் வேண்டும், பரிசோதனை முடிவும் வேண்டும். பரிசோதனை மட்டும் இருந்தால் அது சந்தேகக் கணக்குதான். கூடத்திலிருந்து போகும் எண்ணோடு உங்கள் மருத்துவர் எழுதும் விவரமும் சேர வேண்டியது இதனால்தான். “பெயர் போகட்டும், மற்றதைச் சொல்லாதீர்கள்” என்று அவரிடம் கேட்டுக்கொள்ளலாமா என்று நீங்கள் யோசித்தால், வேண்டாம். எப்போது கடித்தது, எங்கே கடித்தது, என்ன சாப்பிட்டு எத்தனை மணி நேரத்தில் வந்தது என்று நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

2010 முதல் 2022 வரை நாடு முழுவதும் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சந்தேக நோயாளிகள் என்று 2023இல் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தார் அறிவித்தார்கள். எந்த மாநிலத்தின் அறிக்கையிலிருந்தும் அதை எடுக்கவில்லை, பரிசோதனைக்கூடப் பதிவுகளைக் கூட்டினார்கள். உண்மையில் நாலரை லட்சம் பேர் வரை இருக்கலாம் என்று அவர்களே சொன்னார்கள். பரிசோதனைக்கே போகாதவரை எந்தக் கூட்டலில் சேர்ப்பது?

2024 கோடையில் நியூ ஜெர்சியில் 47 வயதுக்காரர் ஒருவர் பிற்பகல் விருந்தில் ஹாம்பர்கர் சாப்பிட்டு, சில மணி நேரத்தில் இறந்துபோனார். இரண்டு வாரத்துக்கு முன் மாட்டிறைச்சி சாப்பிட்ட இரவிலும் அவருக்குக் கடும் வயிற்று வலி வந்திருக்கிறது. பிரேதப் பரிசோதனையில் காரணம் கிடைக்கவில்லை. சேமித்த இரத்தத்தைப் பிளாட்ஸ்-மில்ஸ் சோதித்த பிறகுதான் ஆல்ஃபா-கேல் என்று தெரிந்தது. 2025 நவம்பரில் வெளியிட்டார்கள். அந்தக் கோடையில் அவருடைய கணுக்காலைச் சுற்றிப் பன்னிரண்டு, பதின்மூன்று கடிகள் இருந்தன என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறார். ஏதோ சிறு பூச்சி என்று நினைத்திருக்கிறார்கள். படித்துவிட்டு என் மனைவியிடம் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினேன். அவள் கடைசிவரை படிக்கவில்லை.

எனக்கு இப்போது ஐஜிஇ 2.3க்கு இறங்கியிருக்கிறது. புது உண்ணி கடிக்காவிட்டால் பலருக்கு மெல்ல இறங்கும் என்கிறார்கள். கோழியும் மீனும் சாப்பிடுகிறேன், தயிர் திரும்பிவிட்டது, எப்பிநெஃப்ரின் ஊசி எப்போதும் பையில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் இரத்தப் பரிசோதனை போன குளிர்காலத்தில் வந்தபோது, புது விதிப்படி விவரம் போகும் என்று செவிலியர் சொன்னார். போகட்டும் என்றேன்.

இரண்டு வாரம் கழித்து சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்தார். எல்லோரையும் அழைப்பார்கள் என்று நான் உறுதி கூறவில்லை, என்னை அழைத்தார்கள். குடியுரிமை பற்றியோ வேலை பற்றியோ ஒரு சொல் கேட்கவில்லை. முதல் அறிகுறி எப்போது என்றார். 2018 செப்டம்பர் என்றேன். சற்று நிறுத்தி, “இத்தனை ஆண்டுகளாகவா?” என்றார். எங்கே கடித்தது என்றார். ஓடையின் பெயரைச் சொன்னேன். தட்டச்சு செய்யும் ஒலி கேட்டது. எழுத்துக் கூட்டிச் சொல்ல முடியுமா என்று கேட்டார். ஒவ்வோர் எழுத்தாக, இரண்டு முறை சொன்னேன்.