ஏரிக்கரை வீட்டைப் பூட்டும் முன் குழாயைக் காலி செய்யுங்கள்

கேள்வி: ஏரிக்கரையில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சின்ன மரவீடு இருக்கிறது. கோடை முழுக்க எல்லோரும் அங்கேதான். வரும் வாரம் பூட்டிவிட்டுக் கிளம்பினால் பனிக்காலம் முடிந்துதான் திரும்புவோம். போன வருஷம் மெயின் வால்வை மூடிவிட்டுத்தான் வந்தோம். ஆனாலும் சமையலறைக் குழாய் வெடித்துக் கிடந்தது. எதைக் கவனிக்காமல் விட்டோம்?

பதில்: வால்வை மூடியது சரிதான். ஆனால் அது புதிதாகத் தண்ணீர் வருவதை மட்டுமே தடுக்கும், ஏற்கெனவே குழாய்க்குள் நிற்கிற தண்ணீர் அங்கேயேதான் இருக்கும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. குழாயை அடைத்துக்கொண்டு பனிக்கட்டி வளர வளர, அதற்கும் மூடிய திருகுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர் நெருக்குண்டு, அழுத்தம் ஏறி, எங்கே பலவீனமோ அங்கே பிளந்துவிடும். அதனால்தான் உறைந்தது ஓரிடமும் வெடித்தது வேறிடமுமாக இருக்கும். ஆகவே பூட்டும் நாளில் முக்கியமான வேலை, வீட்டுக்குள் தண்ணீரே இல்லாமல் செய்வதுதான்.

முதலில் வாட்டர் ஹீட்டரின் மின்சாரத்தை, கேஸ் என்றால் கேஸை, நிறுத்துங்கள். காலித் தொட்டியில் ஹீட்டர் ஓடினால் உள்ளே இருக்கும் கம்பி கருகிவிடும். கொதிக்கிற தண்ணீர் கையில் கொட்டாமல் இருக்க, ஆறும்வரை பொறுங்கள். பிறகு பம்பை நிறுத்தி, மெயின் வால்வை மூடி, வீட்டின் உயரமான குழாயிலிருந்து தொடங்கி வெந்நீர், தண்ணீர் இரண்டு பக்கத் திருகுகளையும் திறந்து விடுங்கள். மேலே காற்று புகுந்தால்தான் கீழே தண்ணீர் முழுதாக இறங்கும். கடைசியாக, தாழ்வான இடத்தில் இருக்கும் வடிகால் திருகையும் ஹீட்டரின் அடித்திருகையும் திறங்கள். குழாய் எங்காவது தொய்ந்திருந்தால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தங்கிவிடும். அதைக் கம்ப்ரசர் காற்றால் ஊதித் தள்ளுவது நல்லது. திறந்த திருகுகளை அப்படியே விட்டுவிட்டு வாருங்கள்.

பலரும் மறப்பது ஷவரின் கைக்குழாய், வாஷிங் மெஷினின் உள் பம்ப், பிறகு ஏரியிலிருந்து தண்ணீர் இழுக்கும் குழாய். அதன் நுனியில் இருக்கும் ஃபுட் வால்வு தண்ணீரைக் கீழே இறங்க விடாது. பம்பை நிறுத்தினாலும் அந்தக் குழாய் நிறைந்தே இருக்கும். அதைக் கரைக்கு இழுத்துக் கவிழ்த்துவிடுங்கள். பம்பின் அடியில் இருக்கும் சிறு மூடியையும் கழற்றி வடியுங்கள்.

வாஷ்பேசினுக்கு அடியில் வளைவாக இருக்கும் குழாயில் கழிவு வாடை வராமல் தடுக்கத் தண்ணீர் நிற்க வேண்டும். அதுவும் உறையும். ஃபிளஷ் தொட்டியைக் காலி செய்து துணியால் ஒற்றி எடுத்த பின், வளைவுகளிலும் கழிப்பறையிலும் புரோப்பிலீன் கிளைகால் கலந்த ஆன்டிஃப்ரீஸை, அதாவது உறையாமல் காக்கும் திரவத்தை, ஊற்றுங்கள். காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைகால் வேண்டவே வேண்டாம். அது கடும் விஷம்.

மற்றவை சீக்கிரம் முடியும். ஃபிரிட்ஜைக் காலி செய்து, துடைத்து, கதவைத் திறந்தே வையுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். பென்சில் நுழையும் ஓட்டை போதும், சுண்டெலி உள்ளே வந்துவிடும். கம்பி நாரை அழுத்தி அடையுங்கள். அரிசி, பிஸ்கட், மெழுகுவர்த்தி, சோப்பு எல்லாம் ஊருக்கே திரும்பட்டும். படகை வேறு ஏரிக்குக் கொண்டுபோவதானால் கழுவி, வடித்து, நன்றாகக் காயவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். ஒட்டிக்கொண்டு போகும் சிப்பியும் களையும் அந்த ஏரியைக் கெடுத்துவிடும்.

இந்த வேலையைப் பெரியவர் ஒருவர் தலையிலேயே கட்டாதீர்கள். அவருக்கு மட்டும் தெரிந்த திருகு ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். இந்த வருஷம் பிள்ளைகளையும் கூடவே நடக்க வைத்து, ஒவ்வொரு திருகையும் அவர்கள் கையாலேயே திறக்கச் சொல்லுங்கள். திறந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி மெயின் வால்வுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். திரும்பி வரும்போது அந்தத் தாளைப் பார்த்து எல்லாத் திருகையும் மூடிய பிறகுதான் வால்வைத் திறக்க வேண்டும். பிறகு ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து, ஹீட்டர் நிரம்பி அதில் தண்ணீர் சீராகக் கொட்டிய பிறகே ஹீட்டரின் ஸ்விட்சைப் போடுங்கள்.