கே.ஜி.எஃப். கடை: 45 லட்சத்துக்கு வாங்கலாமா?

நண்பரே, கே.ஜி.எஃப். (கோலார் தங்கவயல்) ராபர்ட்சன்பேட்டையில் கடை 45 லட்சம், வாடகை மாதம் 18,000, அதில் 30 லட்சம் வங்கிக் கடன் என்கிறீர்கள். கணக்கை மட்டும் பார்த்தால் வருட வாடகை 2.16 லட்சம், போட்ட பணத்துக்கு 4.8 சதவீதம்தான். பத்து சதவீத வட்டியில் பத்து வருடக் கடன் என்றால் தவணையே மாதம் 39,600 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும், மீதி உங்கள் பெங்களூரு சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். கடை காலியாகக் கிடக்கும் மாதங்களை இன்னும் சேர்க்கவே இல்லை.

"பெங்களூரு-சென்னை எக்ஸ்பிரஸ்வே வந்தாச்சு, விலை ஏறும்" என்று தரகர் சொல்வார். சாலை பக்கத்து ஊரான பேதமங்கலம் வழியாகப் போவது உண்மைதான், ஆனால் 2001 பிப்ரவரியில் தங்கச் சுரங்கம் மூடியதிலிருந்து அந்த ஊரில் நிறையப் பேர் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறார்கள். சம்பாதிப்பது இங்கே என்றால் செலவும் பாதி இங்கேயே ஆகிவிடும் (துணிக்கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள்). அதனால் வாடகைக்கு இருப்பவரின் வியாபாரம் எப்படி என்று மாத முதல் வாரத்தில் ஒரு நாள், கடைசி வாரத்தில் ஒரு நாள் கடை எதிரில் நின்று பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பட்டா விஷயம். அங்கே சுரங்கக் கம்பெனி நிலம், நகராட்சி குத்தகைக் கடை, சொந்த நிலம் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். விற்பவரிடம் இருப்பது குத்தகை உரிமை மட்டும் என்றால் இந்த விலை கொடுக்கவே கூடாது. இ-கத்தா (கர்நாடகாவில் உள்ளாட்சி தரும் மின்னணுச் சொத்துப் பதிவு), 30 வருட வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் மூன்றையும் உங்கள் வக்கீலிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால் 32 லட்சத்துக்குக் கேட்டுப் பாருங்கள், அதற்கு மேல் நான் போக மாட்டேன்.