20 வருடம் இருந்தால் காணி சொந்தமாகுமா?

கேள்வி: யாழ்ப்பாணக் கரையோரத்தில் 3 பேர்ச் துண்டொன்றில் உறுதியில்லாமல் 20 வருடமாகக் குடியிருக்கிறோம். பத்து வருடம் இருந்தாலே காணி எங்களுடையது என்கிறார்கள். சரியா? மலக்குழியை எங்கே வைப்பது?

முதலில் அது யாருடைய காணி என்று பாருங்கள். பத்து வருட ஆட்சியுரிமை (உறுதியில்லாமல் நீண்ட காலம் குடியிருந்தே காணியைச் சொந்தமாக்கும் உரிமை) தனியார் காணிக்கு மட்டும்தான். அரச காணியில் அந்தப் பத்து வருடக் கணக்கு செல்லாது. தனியார் காணியிலும் வாடகைக்கோ, உரிமையாளரின் சம்மதத்தோடோ இருந்த காலம் சேராது. இன்னொரு சிக்கல்: ஆயுதக் குழுக்களால் வழக்குத் தொடர முடியாமல் போனவர்களுக்காக 2016இல் வந்த 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் இருந்து தள்ள இடம் கொடுத்தது. இடம்பெயர்ந்தவருக்கு அது நியாயம்தான்.

அரச காணி என்றால் பிரதேச செயலகத்தில் அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பியுங்கள். வாக்காளர் இடாப்புப் பிரதி, பிள்ளைகளின் பாடசாலைப் பதிவு, மின் பட்டியல், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் எல்லாம் ஒரே முகவரியைக் காட்ட வேண்டும். அயல்வீட்டு மீற்றரில் இருந்து வயர் இழுத்தவர்கள் இங்கேதான் மாட்டுப்படுகிறார்கள்: 20 வருடம் கரண்ட் எரித்தும் பெயரில் ஒரு பட்டியல் துண்டும் இருக்காது.

கடலில் இருந்து 300 மீற்றருக்குள் என்றால் புதுக் கட்டடத்துக்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்கள அனுமதியும் தேவை.

மூன்று பேர்ச் என்பது சுமார் 76 சதுர மீற்றர். அதற்குள் கிணற்றையும் மலக்குழியையும் 15 மீற்றர் தள்ளி வைப்பது அநேகமாக முடியாது; சுண்ணாம்புக்கல் நிலத்தில் கழிவு வெடிப்புகளால் நேரே கிணற்றுக்குப் போகும். அடி பூசிய, கசியாத தொட்டியை நாலைந்து வீடுகள் சேர்ந்து கட்டுங்கள், கழிவை உறிஞ்சும் பவுசர் வரக்கூடிய ஒழுங்கைப் பக்கமாக.