மார்பக அறுவைக்கு முன் 'நாளுக்கு ஒன்றே ஒன்று' பிடிக்கலாமா?

அடுத்த மாதம் அறுவை, வயிற்றுச் சதையை எடுத்து மார்பை மறுபடி அமைக்கப் போகிறார்கள், பதற்றத்துக்கு நாளுக்கு ஒரு சிகரெட் பிடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. கடைமடைக்காரருக்கு இது உடனே புரியும்: மேட்டூரில் எவ்வளவு திறந்தாலும் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் நாகப்பட்டினத்து வயல் காயத்தான் செய்யும். இடம் மாற்றி வைக்கிற சதைக்கு ரத்தம் வருவது மெல்லிய குழாய்கள் வழியாகத்தான், நிகோட்டின் அவற்றைச் சுருக்குகிறது, புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் தையல் ஆறாது, சீழ் வைக்கும், சில சமயம் வைத்த சதையே கருகிப்போகும். முன்னும் பின்னும் குறைந்தது 4 வாரம் விடச் சொல்வது இதனால்தான். மார்பகப் புற்றுக்குக் கதிர்வீச்சு சிகிச்சையும் உண்டென்றால், புகைப்பவர்களுக்குப் பிற்காலத்தில் நுரையீரல் புற்று, இதயநோய் ஆபத்தும் கூடுகிறது.

சிகரெட்டுக்குப் பதில் வெற்றிலையோடு புகையிலை போடுவதும் (நம் பக்கம் அதை யாரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை) அதே நிகோட்டின்தான். நிகோட்டின் சூயிங்கம்கூட அறுவை மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். தவிப்பு வந்தால் சில நிமிடம் தாக்குப்பிடியுங்கள், அடங்கிவிடும். முடியவில்லையா, புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண் 1800 112 356. நேற்று ஒன்று பிடித்துவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், தேதியைத் தள்ளி வைத்தால் வைக்கட்டும்.