பேரன் ஏன் தேவாரம் சொல்ல மாட்டேன் என்கிறான்?

கேள்வி: என் பேரனுக்கு 6 வயது. ஆட்டிசம் என்கிறார்கள். பேச்சு குறைவு. தேவாரம் சொல்லிக்கொடுக்க உட்கார வைத்தால் எழுந்து ஓடுகிறான். கோவிலில் மேளம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். தெய்வக் குற்றம் என்று உறவுக்காரர்கள் பேசுகிறார்கள். இவனுக்குச் சாமி நினைப்பே வராதா?
– ஓர் அப்பத்தா, தேவகோட்டை

பதில்: ஆச்சி, முதலில் அந்தத் தெய்வக் குற்றப் பேச்சைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள். ஆட்டிசம் மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. நமக்கு மங்கலமாகக் கேட்கிற தவில், அவன் காதில் சம்மட்டியாய் விழுகிறது. அலறுவது அடம் இல்லை, வலி.

தேவாரம் இப்போதைக்கு இருக்கட்டும். நானும் ஆரம்பத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டைத்தான் மனப்பாடம் செய்வித்தேன். ஒரு பையன் முழுசாக ஒப்பித்தான், ரேடியோ மாதிரி. அதில் சாமியும் இல்லை, அவனும் இல்லை. இவனைப் போன்ற பிள்ளைகளில் பலருக்குக் கண்ணும் கையும் வழியாகப் போவது காது வழியாகப் போவதில்லை.

அதற்கு உங்கள் வீட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறதே, நகரத்தார் வீடுகளில் எடுக்கிற பிள்ளையார் நோன்பு! கார்த்திகை தீபத்திலிருந்து 21 நாள், கோடி வேட்டியிலிருந்து, அதாவது புது வேட்டியிலிருந்து, நாளுக்கு ஓர் இழை. கடைசி நாளில் 21 இழையையும் திரியாக்கி, இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு விழுங்குவது வழக்கம். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே வேலை. இந்தப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தோதான பாடத்திட்டத்தை நான் எங்கே போய் எழுத? இழையை அவனே உருவட்டும். எடுத்ததும் ஒரு தாளில் ஒரு பொட்டு வைக்கட்டும். எத்தனை நாள் ஆனது, இன்னும் எத்தனை என்பது கண்ணுக்குத் தெரியும். நீங்கள் “பிள்ளையாருக்கு” என்ற ஒரே சொல்லைச் சொல்லுங்கள். கதை வேண்டாம். கடைசி நாளில் இழைமாவு, அந்த இனிப்பு மாவு, பிசையவும் அவனை விடுங்கள். மாவு பிசுபிசுப்பது பிடிக்காவிட்டால் கரண்டியைக் கொடுங்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். திரியைச் சுடரோடு விழுங்கச் சொல்லி வற்புறுத்தவே கூடாது. அவனுக்காக அவன் அப்பா இழை எடுத்துக்கொள்ளட்டும். பிள்ளைக்குத் திரி இல்லாத மாவு போதும். பெரியவர்கள் யாராவது முகம் சுளித்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.

பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிப்போவதானால் சதுர்த்தி அன்று வேண்டாம். கூட்டமில்லாத நாளில், மேளம் ஓய்ந்த நேரமாகப் பார்த்துப் போங்கள். கிளம்பும் முன்பே மூன்று போட்டோ காட்டுங்கள்: கார், கோவில் வாசல், நம் வீடு. அந்த மூன்றாவது படம்தான் முக்கியம். திரும்பி வருவோம் என்று தெரிந்தால்தான் உள்ளே வருவான். காதை மூடும் ஹெட்போன் போட்டுக்கொண்டு சாமி கும்பிட்டால் தப்பில்லை. முதல் தடவை வாசலோடு திரும்பினாலும் சரி. அங்கே பாறையில் குடைந்த பிள்ளையாருக்குத் துதிக்கை வலப்பக்கம் சுழித்திருக்கும். அதேபோல ஒரு சின்ன வலம்புரிப் பிள்ளையாரை வீட்டில் அவன் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள், தடவிப் பார்க்கட்டும்.

இந்தக் கார்த்திகைக்கு வேட்டியை இரண்டாக வாங்குங்கள் ஆச்சி. ஒன்றை அவன் கிழித்துவிடுவான்.