அடிபட்ட எருமையும் தடம் பார்ப்பவரும் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

எனக்கு ராசிபுரம் பக்கம். வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் தெரியும். இப்போது வேலை தென்னாப்பிரிக்காவில். நான்கு வருடமாகக் காம்பவுண்ட் வில் (கப்பி வைத்த நவீன வில்) பழகுகிறேன். நண்பர்கள் கேப் எருமை என்கிற ஆப்பிரிக்கக் காட்டெருமை வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள், இங்கே அனுமதியோடு செய்யலாம். நாணை இழுக்க 80 பவுண்டு விசை வேண்டிய வில், 20 மீட்டருக்குள் நெருங்கித்தான் எய்ய வேண்டும். தூர நின்று துப்பாக்கியால் சுடுவதைவிட இது நேர்மைதானே? என் உயிரையும் பணயம் வைக்கிறேனே. முயலை எய்த அம்பைவிட யானைக்குக் குறி தவறிய வேல் இனிது என்று வள்ளுவரும் சொல்கிறார். உங்கள் கருத்து என்ன?

ராசிபுரத்து வாசகர்

அன்புள்ள தம்பி,

வில்லோடு அவ்வளவு கிட்டப் போக நெஞ்சுரம் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கஷ்டமானது என்பதாலேயே ஒன்று நேர்மையானது ஆகிவிடாது. அம்பு கொல்லும் விதம் உங்களுக்கே தெரியும், வெட்டுப்பட்டு ரத்தம் போய்த்தான் சாவு. இரண்டு நுரையீரலிலும் பாய்ந்தால் சீக்கிரம் முடியும்; ஒன்றில் மட்டும் பாய்ந்தாலோ, எலும்பில் பட்டுத் திரும்பினாலோ, 700 கிலோ எருமை அம்போடு புதருக்குள் போய் நிற்கும். 2015-ல் ஜிம்பாப்வேயில் சீசில் என்ற சிங்கம் காம்பவுண்ட் வில்லால் அடிபட்டுப் பல மணி நேரம் உயிரோடு கிடந்தது. எய்தவர் புதிதாகப் பழகியவரும் அல்ல.

அந்தக் குறள் படைச்செருக்கு அதிகாரத்தில் போர்வீரனுக்குச் சொன்னது. அதை விடுங்கள், அங்கேயும் வேல் தவறியது, யானை முழுசாகப் போய்விட்டது. பாதி பட்ட வேல் இனிது என்று அவர் சொல்லவில்லை.

என் அப்பாரு, அதாவது தாத்தா, வேட்டைக்காரர். 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு முந்தைய காலம், பவானி ஆற்றோரத் தோட்டங்களில் காட்டுப்பன்றி இறங்கினால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு ராத்திரி அவர் எறிந்த ஈட்டி பன்றியின் பின்தொடையில் ஏறியது, அது ஓடிவிட்டது, கொஞ்ச நேரம் தேடிவிட்டு எங்காவது செத்துக் கிடக்கும் என்று வந்து படுத்துவிட்டார். விடிந்ததும் பக்கத்துக் கரும்புக் காட்டில் சோகை உரிக்கப் போன கூலி ஆளின் தொடையை அது கிழித்துவிட்டது. அவர் பிழைத்தார், ஆனால் அதற்கப்புறம் ஏர் பிடிக்க முடியவில்லை. அப்பாரு ஈட்டியை மறுபடி தொடவில்லை, சாகும்வரை வருஷா வருஷம் அந்த வீட்டுக்கு ராகி மூட்டை அனுப்பினார். "எம்மேல பாஞ்சிருந்தாத் தேவல கண்ணு" என்பார், இதைச் சொல்லும்போதெல்லாம்.

உயிரைப் பணயம் வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குப் பின்னால் பெரிய துப்பாக்கியோடு வழிகாட்டி நிற்பார், எருமை பாய்ந்தால் அவர் சுடுவார். பாயாமல் அடிபட்டு ஓடினால்? ரத்தத் துளியைப் பார்த்துக்கொண்டு முன்னால் நடப்பவர் கூலிக்கு வந்த உள்ளூர்க்காரர். உங்களுக்கு வேண்டிய ஆபத்தை அவர் தலையில் வைக்கிறீர்கள், எருமைக்கு நேர்வதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் கொங்கில் எத்தனையோ ஊரில் புலிக்குத்திக் கல் நிற்கிறது. அந்தக் கல்லில் இருப்பவன் பட்டியில் இருந்த ஆடுமாட்டைக் காக்கப் புலியோடு மோதிச் செத்தவன். அவனாகப் புலியைத் தேடிப் போகவில்லை, அவனுக்குப் பின்னால் துப்பாக்கியோடு யாரும் நிற்கவும் இல்லை.

நான் கறி தின்பவன், வேட்டை என்றாலே பாவம் என்று பேச வரவில்லை. வில்லையும் விட வேண்டாம், நான்கு வருடப் பழக்கம் சும்மா வராது. இந்த வேட்டைக்கு மட்டும் போகாதீர்கள் தம்பி.

உங்கள் கடிதத்தில் வில்லின் பவுண்டு இருக்கிறது, மீட்டர் கணக்கு இருக்கிறது, தடம் பார்க்க வருகிறவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நண்பர்களுக்குப் பதில் சொல்வதற்கு முன் அவரிடம் ஒரு தடவை உட்கார்ந்து பேசுங்கள். அடிபட்ட எருமையைத் தேடி இதுவரை எத்தனை முறை புதருக்குள் போயிருக்கிறார், கூடப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்களா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.