சிகரெட் வாங்கப் போனவன்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் பேச்சை நம்பி, பால்டிமோர் நகரத்துப் போதை வியாபாரத்தையும் போலீசையும் பற்றிய 'தி வயர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்க்க ஆரம்பித்தவர்களில் நானும் ஒருவன். நானும் என் மைத்துனரும் சனி, ஞாயிறு இரவுகளில் உட்கார்ந்து நான்கு மாதத்தில் ஐந்தாவது சீசனின் எட்டாவது எபிசோட் வரை வந்துவிட்டோம். அங்கே ஓமர் செத்துப்போகிறான்.

அவன் சாவான் என்பது தெரிந்ததுதான். போதை வியாபாரிகளிடம் கொள்ளையடித்துப் பிழைப்பவன் கிழவனாகி, பேரன் பேத்தி எடுத்துச் சாகப்போவதில்லை. ஆனால் சாவு இப்படியா வரவேண்டும்? நகரத்தின் அத்தனை துப்பாக்கிகளும் தேடிய ஆளை, கடையில் சிகரெட் வாங்கும்போது ஒரு பொடியன் பின்னாலிருந்து சுட்டுவிடுகிறான். ஒரு கடைசி வார்த்தை இல்லை, பின்னணி இசைகூட இல்லை. என் மைத்துனர் அந்த இடத்திலேயே டிவியை அணைத்துவிட்டார். "எழுதத் தெரியாமல் தீர்த்துக்கட்டிவிட்டார்கள்" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் படுகிறது. இதே சீசனில் உயரமான மாடி பால்கனியிலிருந்து குதித்து, கால் மட்டும் உடைந்து தப்புகிறான். நம்பவே முடியாத அந்த இடத்தில் காப்பாற்றியவர்கள் இங்கே ஏன் கைவிட்டார்கள்? தொடர் வெளியான காலத்திலேயே பலர் இதற்காகக் கோபப்பட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். இது யதார்த்தமா, சோம்பேறித்தனமா?

மீதி இரண்டு எபிசோட்களை இன்னும் பார்க்கவில்லை. பார்க்க மனமில்லை.

அன்புடன்,
எம்.

*

அன்புள்ள எம்.,

நான்கு மாதமாக ஒரு தொடரைச் சேர்ந்து பார்க்கும் மைத்துனர் கிடைப்பது கொடுப்பினை. அவர் டிவியை அணைத்ததை நான் குறை சொல்லமாட்டேன். முதல்முறை அந்தக் காட்சியைப் பார்த்தபோது நான் செய்தது அதைவிட அசட்டுத்தனமானது. மூன்று முறை பின்னால் ஓட்டி, கீழே கிடக்கும் உடலில் மூச்சு அசைகிறதா என்று தேடினேன். மாடியிலிருந்து குதித்துத் தப்பியவன் ஆயிற்றே, இதிலும் ஏதாவது வழி வைத்திருப்பார்கள் என்று ஒரு நப்பாசை. அது ஒன்றும் இல்லை என்று உறுதியானபோது வந்த கோபம் உங்கள் மைத்துனருடையதுக்குச் சற்றும் குறைந்ததல்ல.

முதலில் அந்த பால்கனி விஷயத்தை முடித்துவிடுகிறேன். ஓமர் என்ற பாத்திரத்துக்குப் பின்னால் பால்டிமோர் நகரத்து மனிதர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் முக்கியமானவர் டானி ஆண்ட்ரூஸ். போதை வியாபாரிகளைக் கொள்ளையடித்தவர், 1986இல் கூலிக்குக் கொலை செய்தவர். அந்தக் கொலை வழக்கில் அவர் சரணடைந்தது எட் பர்ன்ஸ் என்ற துப்பறியும் போலீஸ்காரரிடம். அந்த பர்ன்ஸ்தான் பிற்பாடு டேவிட் சைமனுடன் சேர்ந்து இந்தத் தொடரை உருவாக்கினார். ஆண்ட்ரூஸ் தன் கொள்ளைக்கார நாட்களில் ஒருமுறை ஆறாவது மாடியிலிருந்து குதித்து உயிர் தப்பியிருக்கிறார். தொடரில் உயரத்தைக் குறைத்துத்தான் காட்டினார்கள். நடந்ததை நடந்தபடி காட்டினால் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்ற பயம்தான் காரணம். ஆக, நீங்கள் நம்ப முடியாதது என்று ஒதுக்கிய காட்சிதான் தொடரில் வாழ்க்கைக்கு மிக நெருக்கமானது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த மாடிச் சண்டையில் ஓமருடன் துணைக்கு இருந்து சுடப்பட்டுச் சாகும் பருத்த மனிதரை நினைவிருக்கிறதா? அவர்தான் ஆண்ட்ரூஸ். நிஜ ஓமர் கதைக்குள் செத்து, கதை ஓமரைக் குதிக்கவிட்டிருக்கிறார். சிறையிலிருந்து 2005இல் வெளிவந்த அவர் 2012 டிசம்பரில் இருதயக் கோளாறால் இறந்தார். குண்டு பட்டுச் சாகவில்லை.

இனி கடைக்கு வருவோம். அவசரமில்லாமல் இன்னொரு முறை அந்தக் காட்சியைப் பாருங்கள். ஓமர் ஊன்றுகோலை ஊன்றி நொண்டிக்கொண்டு உள்ளே வருகிறான். கடைக்காரப் பெண் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கிறாள். சிகரெட் கேட்கிறான். கதவு திறக்கிறது. திரும்பிப் பார்க்கிறான், ஒரு சின்னப் பையன். பார்த்துவிட்டு மறுபடி கடைக்காரியிடம் திரும்பிக்கொள்கிறான். எனக்கு அந்தக் காட்சியில் மிக முக்கியமானது இந்தத் திரும்பிக்கொள்ளல்தான். ஐந்து சீசனாக ஒவ்வொரு நிழலையும் சந்தேகித்து உயிர் பிழைத்தவன், குழந்தை என்பதால் முதுகைக் காட்டுகிறான். போதை வியாபாரத்தில் இல்லாதவர்கள் மீது துப்பாக்கியை நீட்டுவதில்லை என்ற அவனுடைய விதி அங்கே அவனைக் கொல்கிறது. குண்டு சத்தம். கண்ணாடியில் ரத்தம். கேமரா பையனுக்குத் திரும்பும்போது அவன் முகத்தில் வெற்றிக் களிப்பு எதுவும் கிடையாது. தான் செய்த காரியத்தைப் பார்த்துத் தானே மிரண்டுபோய், துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடுகிறான். இவ்வளவையும் ஒரு நிமிடத்துக்குள் அடக்கியவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

யார் அந்தப் பையன் என்பதற்குள்தான் உங்கள் கேள்விக்கான பதில் கிடக்கிறது. கெனார்ட் திடீரென்று முளைத்தவன் அல்ல. மூன்றாவது சீசனில், 2004இல் வந்த ஒரு எபிசோடில், ஓமரின் கூட்டம் நடத்திய கொள்ளை துப்பாக்கிச் சண்டையாகி ஒரு பெண் செத்துக் கிடக்கிறாள். விசாரிக்க வரும் போலீஸ்காரர் பங்க், தெருவில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்கிறார். அந்தச் சண்டையையே விளையாட்டாக நடித்துக்கொண்டிருக்கிறார்கள். 'இப்போது நான்தான் ஓமர்' என்று அடம்பிடிக்கிறான் ஒரு வாண்டு. அந்த வாண்டாக நடித்த சிறுவன்தான் பின்னாளில் கெனார்டாக வருகிறான். அதே சீசனில் சில எபிசோட்கள் தள்ளி, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பங்க் இதை ஓமரின் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். பிள்ளைகள் உன் பெயரைக் கூவிக்கொண்டு திரிகிறார்கள், நாம் எவ்வளவு தூரம் சீரழிந்துவிட்டோம் என்று நினைத்தால் வயிற்றைக் குமட்டுகிறது என்கிறார். ஓமரிடம் பதில் இல்லை. எதற்கும் ஒரு சொல் வைத்திருப்பவன் வாயடைத்துப்போகும் அபூர்வமான இடம் அது.

நாமும் அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்துதான் கூவிக்கொண்டிருந்தோம், எம். அவன் கெட்ட வார்த்தை பேசுவதில்லை, ஞாயிற்றுக்கிழமை பாட்டியைத் தேவாலயத்துக்கு அழைத்துப்போகிறான், தெருவில் நடந்தால் கதவுகள் சாத்தப்படுகின்றன. 2008 அதிபர் தேர்தல் பிரசாரத்தின்போதே பராக் ஒபாமா தனக்குப் பிடித்த பாத்திரம் ஓமர் என்று சொன்னார். நம் ரசனைக்கு அவ்வளவு பெரிய துணை இருந்தது! அவன் கையில் செத்தவர்களின் கணக்கை நாம் வைத்துக்கொள்ளவில்லை. ஓமராக நடித்த மைக்கேல் கே. வில்லியம்ஸ் அந்த நீளமான கோட்டும் முகத்துத் தழும்புமாக நடந்துவரும்போது கணக்கு யாருக்கு நினைவிருக்கும்? கெனார்ட் வைத்திருந்த கணக்கு வேறு. ஊரே பயப்படும் ஓமரை முதன்முதலில் நேரில் பார்த்தபோது, இந்த நொண்டியா ஓமர் என்றுதான் அவனுக்குத் தோன்றுகிறது. மற்றவர்கள் ஓடும்போது அவன் நின்று பார்க்கிறான். பெயரின் பாரம் அவன் மேல் ஏறவில்லை.

"ஒரு நல்ல சாவு" வேண்டும் என்று கேட்கிறீர்கள். அந்தத் தொடருக்கு நல்ல சாவு எழுதத் தெரியாதா என்ன? மூன்றாவது சீசனில் போதைக் கூட்டத்தின் பெரிய ஆளான ஸ்ட்ரிங்கர் பெல்லின் முடிவை நினைத்துப்பாருங்கள். கட்டி முடிக்கப்படாத கட்டடம், முன்னும் பின்னும் ஓமரும் கூலிக்கொலைகாரன் பிரதர் முஸோனும், தப்பிக்க வழியில்லை என்று தெரிந்த பிறகு ஒரு பேச்சு, கடைசி வாக்கியம் முடிவதற்குள் குண்டு. அரங்கேற்றம் மாதிரி நடத்தினார்கள். அப்படி ஒன்றை எழுதிக் காட்டியவர்கள், அதைச் செய்துமுடித்த கொலைகாரனுக்கே அதை மறுத்திருக்கிறார்கள் என்றால் தெரிந்தேதான் மறுத்திருக்கிறார்கள்.

நம் பழைய போர் மரபில் வஞ்சினம் என்று ஒன்று உண்டு. இன்னது செய்யாவிட்டால் நான் இன்ன ஆவேன் என்று வீரன் எல்லோரும் கேட்கச் சூளுரைப்பது. ஐந்தாவது சீசன் முழுக்க ஓமர் செய்துகொண்டிருப்பது அதுதான். உடைந்த காலோடு தெருத் தெருவாகப் போய், போதைக் கூட்டத் தலைவன் மார்லோவின் ஆட்களிடம் சரக்கைப் பிடுங்குகிறான். பிடுங்கியதை எடுத்துக்கொள்ளாமல் அழிக்கிறான். உன் தலைவன் ஆண்பிள்ளை என்றால் தெருவில் இறங்கி வரச்சொல் என்கிறான். வஞ்சினத்துக்கு எதிராளியின் காது வேண்டும். அடுத்த எபிசோடில் வரும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: அந்தச் சவால் எதுவும் மார்லோவின் காதுக்குப் போகவே இல்லை. அவனைச் சுற்றியிருப்பவர்கள் மறைத்துவிட்டார்கள். வியாபாரத்துக்கு அது உதவாத செய்தி. உங்கள் மைத்துனர் காத்திருந்த நேருக்கு நேர் மோதல் நடக்க வழியே இருந்திருக்காது. ஒருவன் மட்டும் வந்து நின்ற போர்க்களம் அது. அங்கே புறப்புண் பட்டுச் சாவதைத் தவிர வேறென்ன கிடைக்கும்?

கடையைப் பற்றி இன்னொன்று. நான்காவது சீசனில் ஒரு காலையில் ஓமர் பட்டு பைஜாமாவோடு கடைக்குக் கிளம்புவான், காலை உணவுக்கு ஏதோ பெட்டி வாங்க. தெருவே சிதறி ஓடும். திரும்பும் வழியில் ஒரு வீட்டுச் சுவரில் சாய்ந்து சிகரெட் பிடிக்கும்போது, கேட்காமலே மேலிருந்து சரக்குப் பொட்டலம் காலடியில் வந்து விழும். நாம் சிரித்தோம். அவன் முகத்தில் சிரிப்பில்லை, இப்படிக் கிடைத்ததில் என்ன பெருமை என்ற அலுப்புதான் இருந்தது. முதல்முறை கடைக்குப் போனபோது பெயர் அவனுக்கு முன்னால் நடந்து வழியை விலக்கியது. இரண்டாம்முறை அதே பெயர் ஒரு சிறுவனை அவனுக்குப் பின்னால் கூட்டிவந்தது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, உங்கள் மைத்துனருக்கு ஒரு இடத்தில் பணிந்துபோகிறேன். ஐந்தாவது சீசன் அவசரமானதுதான். முந்தைய சீசனுக்கு 13 எபிசோட்கள் கிடைத்தன, இதற்கு 10. துப்பறியும் போலீஸ்காரர் மக்னல்டி, உண்மையில் இல்லவே இல்லாத ஒரு தொடர்கொலைகாரனைக் கற்பனையாக உருவாக்கும் கதையை என்னால் இன்றுவரை முழுதாக விழுங்க முடியவில்லை. எழுதத் தெரியாமல் எழுதினார்கள் என்ற குற்றச்சாட்டை அவர் அங்கே வைத்திருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். இந்த எபிசோடிலேயே, ஓமரின் கொலைச் செய்தி நாளிதழ் அலுவலகத்துக்கு வந்து, இடமில்லை என்று கழித்துக்கட்டப்படும் காட்சியில் சைமனின் பழைய பகை கொஞ்சம் துருத்திக்கொண்டு தெரிகிறது. அதே 'பால்டிமோர் சன்' நாளிதழில் பல ஆண்டுகள் குற்றச் செய்தியாளராக இருந்து, மனக்கசப்போடு வெளியேறியவர் அவர். எபிசோடை அவருடன் சேர்ந்து எழுதிய டெனிஸ் லெஹேன் நாவலாசிரியர். அவரிடம் விட்டிருந்தால் அந்தக் காட்சி இன்னும் சற்றுத் தணிந்த குரலில் வந்திருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் பிணவறைக் காட்சியைத் தொட்டு ஒரு சொல் குறைக்கமாட்டேன். ஊழியர் ஒருவர் பைகளைச் சரிபார்க்கிறார். ஓமரின் பெயர்ச்சீட்டு பக்கத்தில் கிடக்கும் ஒரு வெள்ளைக்காரரின் உடல்மீது மாறி இருக்கிறது. பார்க்கிறார், கழற்றுகிறார், இடம் மாற்றி மாட்டுகிறார், ஜிப்பை இழுக்கிறார், போகிறார். வசனம் இல்லை. எந்தப் பெயரைக் கேட்டுத் தெருக்கள் காலியாயினவோ, அந்தப் பெயர் நூலில் தொங்கும் ஓர் அட்டையாகி, அதுவும் தவறான உடலில். அந்த ஊழியருக்கு ஓமர் யாரென்று தெரியாது. 2008 பிப்ரவரி 24 இரவு இது ஒளிபரப்பானபோது கோபப்பட்டவர்கள் கடையைப் பார்த்துக் கோபப்பட்டார்கள். எனக்கென்னவோ, அவர்களைக் குத்தியது இந்த அட்டையாகத்தான் இருக்கும். நமக்கு இவ்வளவு வேண்டியவன் அங்கே ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்பதைத் தாங்குவது கடினம்.

மீதி இரண்டு எபிசோட்களையும் பார்த்துவிடுங்கள். கடைசி எபிசோடின் பிற்பகுதியில், இரவில் ஒரு தெருமுனை வரும். இரண்டு பையன்கள் நின்று ஓமர் எப்படிச் செத்தான் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பேச்சில் கடையும் கிடையாது, பொடியனும் கிடையாது. அந்தக் காட்சி வரும்போது மட்டும் மைத்துனரைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். அவர் கேட்ட சாவு அங்கேதான் இருக்கிறது.